வரைபடத்தைக் கெடுத்த ரத்தம்

என் அண்ணன் ஒரு பேராசிரியர். யாரிடம் அறிமுகமானாலும் முதல் மூச்சில் இதைச் சொல்லிவிடுவது அவர் வழக்கம் என்பதால், நானும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு நாகமலை புதுக்கோட்டையில். வேலை, ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில். ஆராய்ச்சி, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைப் பற்றி. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்திலும், மாரடைப்பின் வாசல்வரை போய் நிற்பவர்களின் ரத்தத்திலும் இந்தப் புரதங்கள் எவ்வளவு ஏறியிருக்கின்றன, அதை வைத்து நோயாளியை அடையாளம் காண முடியுமா என்று பார்ப்பது. வாசல்வரை போய் நிற்பதற்கு அன்ஸ்டேபிள் ஆஞ்ஜைனா என்று பெயர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சை அழுத்தும். இதயத்தின் சதை இன்னும் சாகவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் சாகலாம் என்ற நிலை. கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரைப் பிசைந்துகொண்டே அண்ணன் இதை விளக்குவார். பக்கத்து இலைக்காரர் மெதுவாகத் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அண்ணனுக்கு அது மிகவும் பிடிக்கும்.

நான் அவருக்கு ஒரே தங்கை. ஐம்பதைத் தாண்டிவிட்டேன். பழங்காநத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். ஆனாலும் இன்றுவரை அவருக்கு நான் 'பாப்பா'தான். பாசத்தில் கூப்பிடுகிறார் என்பார் அண்ணி. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒருத்தியைப் பாப்பா என்று கூப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவள் சொல்கிற எதையும் காதில் வாங்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அண்ணனின் ஆராய்ச்சிக்கு இரண்டு வகை ரத்தம் தேவைப்பட்டது. நோயாளிகளின் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை, ஒரு மருத்துவமனை ஒத்துக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் ரத்தம்தான் கிடைக்கவில்லை. நன்றாக இருக்கிறவன் எதற்காக ஊசி குத்திக்கொள்ள வரிசையில் நிற்பான்? அலைந்து பார்த்துவிட்டு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். சொந்தக்காரர்கள். அவருடைய பேரனுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். எப்படியும் குடும்பமே வேன் பிடித்து வரும். சாப்பாடு போடுகிறோம், ரத்தம் எடுத்துக்கொண்டால் என்ன என்று அவர் நினைத்துவிட்டார்.

அப்படித்தான் அன்று மலையடிவாரத்து மண்டபத்தில், ஒரு பக்கம் கிடாக்கறி வெந்துகொண்டிருக்க, மறுபக்கம் மேசை போட்டு ரத்தம் எடுத்தார்கள். எடுத்தது அண்ணனிடம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, முகத்தில் எப்போதும் எதற்கோ மன்னிப்புக் கேட்கிற பாவனையோடு இருந்தாள். மேசைமேல் நீல மூடி போட்ட சின்னச் சின்னக் குழாய்கள். காலடியில் ஐஸ் நிரப்பிய மீன்பெட்டி. ஆண்கள் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, ஏதோ ராணுவத்துக்கு ஆள் எடுப்பதுபோல் வந்து உட்கார்ந்தார்கள்.

அண்ணனின் சகலை முதலில் உட்கார்ந்தார். அந்தப் பெண் கேட்டாள்:

"ஏதாவது வியாதி இருக்காண்ணே?"

"எனக்கு என்னம்மா வியாதி? ஒண்ணும் கெடையாது. சுகர் மட்டுந்தான்."

அவள் பேனாவை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கையை ஆட்டினார்.

"அதெல்லாம் கன்ட்ரோல்ல வச்சிருக்காரு. நம்ம ஆளுதான், எழுதிக்கம்மா."

சர்க்கரை நோயாளி இப்படித்தான் ஆரோக்கியமானவர் ஆனார். விஞ்ஞானம் வளர்கிற விதத்தை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

என் முறை வந்தபோது அந்தப் பெண் ஒரு தாளிலிருந்து தமிழில் படித்துக் காட்டினாள். இந்த ஆராய்ச்சி எதற்காக, எவ்வளவு ரத்தம், ஊசியால் என்ன தொந்தரவு வரலாம், எல்லாம். கடைசியில், "எப்ப வேணும்னாலும் நீங்க விலகிக்கிரலாம் டீச்சர், காரணம் சொல்ல வேண்டியதில்ல" என்றாள். வேறு யாருக்கும் அவ்வளவு தூரம் படிக்கவிட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்டேன் என்பதால் படித்தாள்.

"நெஞ்சுவலி, மூச்சுவாங்குறது, அப்படி ஏதாவது டீச்சர்?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் நின்ற அண்ணன் முந்திக்கொண்டார்.

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. பாப்பா, சீக்கிரம் கையை நீட்டு, சாமி கும்பிடப் போகணும்."

நான் சொல்ல வந்தது இதுதான். சில மாதங்களாகவே பள்ளியில் மாடி ஏறினால் தாடையைப் பிடித்து யாரோ இறுக்குவதுபோல் இருக்கும். நெஞ்சில் வலி என்று சொல்ல முடியாது. தொண்டைக்குக் கீழே ஒரு பாரம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஓர் இழுப்பு, தாடையில் இறுக்கம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றால் போய்விடும். அப்புறம் அப்புறம், நின்றாலும் போக நேரம் எடுத்தது.

இதை நான் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். எங்கள் தெரு டாக்டர் என் கையைக்கூடத் தொடாமல், "கேஸ்தாம்மா" என்று மாத்திரை எழுதினார். என் கணவர், மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், "ராத்திரி பருப்பு சேக்காத, சாப்பிட்டதும் படுக்காத" என்றார். தலைமையாசிரியை தாழ்ந்த குரலில், "அந்த வயசு வந்துருச்சு டீச்சர், அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு" என்றார். எங்கள் ஊரில் இதயம் என்ற உறுப்பு ஆண்களுக்கு மட்டும்தான் உண்டு. பெண்களுக்கு அந்த இடத்தில் வாயு இருக்கிறது. என் கணவருக்கு ஒருமுறை தோள் பிடித்துக்கொண்டது, பக்கெட் தூக்கியதால். அதற்கு ஈசிஜி எடுத்தோம், எக்கோ எடுத்தோம், அவருடைய அலுவலகத்திலிருந்து ஆப்பிளோடு ஆட்கள் வந்தார்கள். எனக்கு ஓமத் தண்ணீர்.

காதுகுத்து முடிந்து நாங்களும் அதை மறந்துவிட்டோம். வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அந்த ஆராய்ச்சிப் பெண் பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு பொட்டலம் வெற்றிலை. சொந்த ஊர் சோழவந்தான் என்றாள். அவள் அப்பா அடுத்தவர் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போனவர். இப்போது குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கொடிக்கால் போட்டிருக்கிறாராம். எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

அறையில் யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"உங்க ரத்தத்துல ஒரு புரோட்டீன் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு டீச்சர். மத்த சொந்தக்காரங்க எல்லாரும் கிராஃப்ல கீழ இருக்காங்க. நீங்க மட்டும் நோயாளிங்க பக்கத்துல போய் நிக்கிறீங்க."

"அப்படின்னா?"

"ரத்தம் உறையறப்ப உள்ள நூல் மாதிரி ஒண்ணு பின்னும். வேலை முடிஞ்சதும் அந்த நூலை உடம்பே அறுத்துவிட்ரும். அந்த அறுந்த துண்டைத்தான் நாங்க அளக்கிறோம். உங்களுக்கு அது இம்புட்டு இருக்குன்னா, உள்ள எங்கயோ உறையுது, கரையுது, திரும்ப உறையுதுன்னு அர்த்தம். எங்கேன்னு தெரியாது. எதுக்குன்னும் தெரியாது. காய்ச்சல் வந்தாக்கூட ஏறும். ஆனா உங்களுக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்லையே."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சார்கிட்ட கிராஃபைக் காட்டுனேன். இந்த ஒண்ணால எல்லாமே கெட்டுப்போகுது, எடுத்துருன்னாரு. யாரோடதுன்னு நானாத்தான் சொன்னேன். உங்க தங்கச்சியோடது சார்னு. கிராஃபைத் திரும்ப ஒருதடவை பாத்தாரு. அப்புறம், அவளுக்கு மூட்டுவலி இருக்கும், அதான், எடுத்துருன்னாரு."

எனக்கு மூட்டுவலி கிடையாது. எனக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அண்ணனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு காரணம். கைக்கு எட்டிய காரணம் மூட்டுவலி.

"இது எப்ப நடந்துச்சு?" என்றேன்.

"கொஞ்ச நாளாச்சு டீச்சர். சொல்லலாமா வேணாமான்னே தெரியல. சார் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குத் தீசிஸ். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

அவளையும் நான் அன்று பெரிதாக மெச்சிக்கொள்ளவில்லை. அந்தக் 'கொஞ்ச நாள்' என்னை உறுத்தியது. ஆனால் என் வீட்டில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர் செய்யாததை, கையெழுத்துக்குக் காத்திருக்கிறவள் பேருந்து ஏறி வந்து செய்தாள். அதையும் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன், யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு. அவர் உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். என் உடம்பைப் பற்றி என்னிடம் இன்னொரு கேள்வி கேட்பதற்கு முன், இன்னோர் ஆணிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருக்குச் சுலபம். ஸ்பீக்கரில் அண்ணன் குரல் நிதானமாக வந்தது.

"அது எதுக்கு வேணும்னாலும் ஏறும் மாப்ள. சளி பிடிச்சா ஏறும், வயசானா ஏறும். அதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு. பாப்பாவை நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. அந்தப் புரதம் எதற்கு வேண்டுமானாலும் ஏறும்தான். பந்தியில் சாம்பாரோடு விளக்கும்போது மட்டும் இந்த உண்மை அவருக்கு நினைவுக்கு வராது. அங்கே அது மாரடைப்பை முன்கூட்டியே சொல்லிவிடும் அதிசயப் புரதம். தங்கை உடம்பில் ஏறினால் மட்டும் சளி.

மறுநாள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து ஓர் இதய மருத்துவமனைக்குத் தனியாகவே போனேன். கணவருக்கு அலுவலகத்தில் தணிக்கையாம். டாக்டர் குண்டான மனிதர், முகத்தில் தூக்கமின்மை. அந்தப் பெண் எழுதிக் கொடுத்த அளவைக் காட்டினேன். தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இதை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. இதை ஏன் எடுத்தாங்க?"

"ஆராய்ச்சிக்கு."

"ஓ," என்றார். அந்த 'ஓ'வில் அண்ணனின் முழு வாழ்க்கையும் அடங்கியிருந்ததால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிறகு, "சரி, மாடி ஏறுனா என்ன செய்யுது?" என்று கேட்டார்.

யாரும் அதுவரை கேட்காத கேள்வி. தாடை, தோள்பட்டை நடு, தொண்டைப் பாரம், எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். இப்போது சும்மா இருக்கும்போதும் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். ஈசிஜி எடுத்தார்கள், நன்றாக இருந்தது. ரத்தத்தில் இதயச் சதை செத்ததற்கான அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். தெரு டாக்டராக இருந்திருந்தால் அனுப்பியிருப்பார்.

"உள்ள உக்காருங்க. வலி வந்தா உடனே கூப்பிடுங்க, அடக்கிக்கிட்டு இருக்காதீங்க," என்றார்.

உட்கார்ந்திருந்தேன். எதிரே தொலைக்காட்சியில் ஒரு மாமியார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், ஒலி இல்லாமல். அப்போது வந்தது. மாடி இல்லை, படி இல்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த இடத்தில். தாடை இறுகி, இரண்டு காதுக்கும் ஏறி, கையெல்லாம் வியர்த்தது. நர்ஸைக் கூப்பிட்டேன். ஓடிவந்து படுக்கவைத்து, மறுபடி ஈசிஜி ஒட்டினாள். இந்தத் தடவை அந்தக் கோடு பழையபடி இல்லை. டாக்டர் வந்து பார்த்தார். உடனே நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார். அந்த நேரத்தில் எனக்குப் பயம்தான். வேறு எதுவும் இல்லை. அண்ணனும் இல்லை, கணவரும் இல்லை, கூரையில் ஓடுகிற விசிறி மட்டும்.

பிறகு நடந்தது பலருக்கும் நடக்கிறதுதான். மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாய் ஒன்று, நூல் போக இடம் விட்டு அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். மாரடைப்பு வரவில்லை. வாசலிலிருந்து திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள்.

மறுநாள் வார்டுக்கு அண்ணன் வந்தார். சும்மா வரவில்லை, கூடவே சகலையும் இன்னும் நாலு பேரும். கட்டில்மேல் என் காலை நகர்த்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். டாக்டர் சுற்றுக்கு வந்தபோது எழுந்து கை கொடுத்தார்.

"நான் இவளோட அண்ணன், பேராசிரியர். எங்க லேப்லதான் சார் முதல்ல கண்டுபிடிச்சோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நான் அந்த ரிப்போர்ட்டை வச்சு எதுவும் செய்யல சார். அவங்க வலியைச் சொன்னாங்க. வலிக்கிறப்ப எடுத்த ஈசிஜி மாறியிருந்துச்சு. அம்புட்டுத்தான்."

"அதேதான் சார்," என்றார் அண்ணன். "எங்க புரோட்டீன் அதைத்தான் காட்டுச்சு."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சகலை பிரமிப்போடு அண்ணனைப் பார்த்தார். "புரொபசர் இல்லன்னா நம்ம பாப்பா என்ன ஆகியிருக்கும்?" என்று மற்றவர்களைக் கேட்டார். என்னை அப்போது பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நல்ல வேளை.

என் கணவர் ஒரு வாரம் விடுப்புப் போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வருகிறவர்களிடம் எல்லாம், "மொதல்ல கேஸாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஹார்ட்டுக்குப் போயிருச்சு" என்று விளக்கினார். வாயு என்பது ஏதோ பேருந்துபோல, வயிற்றில் ஏறி நெஞ்சில் இறங்கியதாம். அவருடைய பருப்பு வைத்தியம் தவறு என்று ஆகிவிடக் கூடாது, அதற்காக.

நான் பள்ளிக்குத் திரும்பிய பிறகு அந்த ஆராய்ச்சிப் பெண் போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார் உங்களைத் திரும்பச் சேத்துட்டாரு டீச்சர்."

"நல்லதுதானே."

"நோயாளிங்க வரிசையில சேத்துட்டாரு. அதான் ஆஞ்ஜைனான்னு தெரிஞ்சிருச்சேங்கிறாரு. அங்க போட்டா உங்க புள்ளி அழகாப் பொருந்துது."

நான் நடத்துவது பொருளாதாரம். சராசரியை எப்படி வளைப்பது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். நோயாளிகளின் ரத்தம் எல்லாம் மருத்துவமனையில், வலியோடு வந்து படுத்தவர்களிடம் எடுத்தது. என்னுடையது கோவில் மண்டபத்தில், கல்லு மாதிரி இருக்கிறாள் என்ற அவர் சாட்சியத்தோடு எடுத்தது. ஆரோக்கியமானவளாக நான் இருந்தபோது அவருடைய வரைபடத்தைக் கெடுத்தேன், அதனால் தூக்கிப்போட்டார். நோயாளியானதும் அதே ரத்தம் வரைபடத்துக்கு அழகு சேர்த்தது, அதனால் எடுத்து ஒட்டிக்கொண்டார். நடுவில் நான் செத்திருந்தாலும் புள்ளி பொருந்தியிருக்கும். இன்னும் நன்றாகவே.

ஞாயிற்றுக்கிழமை நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டார். அண்ணன் பனியனோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, என்னை எந்த வரிசையில வச்சிருக்கீங்க?"

"எந்த வரிசை?"

"உங்க கிராஃப்ல."

அவர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "அந்தப் பொண்ணு சொன்னாளா? ஆராய்ச்சி விசயத்தை வெளிய பேசுறாளா? அவ தீசிஸ்ல கையெழுத்துப் போடுறேனா பாரு."

"யார் சொன்னா என்ன? ரத்தம் என்னோடது. அன்னைக்கு நான் ஆரோக்கியமானவள்னு நீங்கதான் பின்னாடி நின்னு சொன்னீங்க. அங்கேயே வைங்க."

"அது ஒரு புள்ளி, பாப்பா. உனக்கு இதெல்லாம் புரியாது. அதை அங்க வச்சா ரெண்டு வரிசைக்கும் வித்தியாசம் குறைஞ்சுபோகும்."

"குறைஞ்சா குறையட்டும். அதுதானே நெசம்? இல்லன்னா நான் விலகிக்கிறேன். எப்ப வேணும்னாலும் விலகலாம்னு படிச்சுக் காட்டுனாங்க. ஆனா நான் விலகுனா, ஏன் விலகுனேன்னு கேக்குறவங்களுக்குச் சொல்லுவேன்."

"யாருகிட்டச் சொல்லுவ?"

"உன் பந்திக்காரங்ககிட்ட," என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை 'உன்' என்று சொல்லியிருந்தேன். அவர் வலியில் முகம் சுளிப்பதுபோல் சுளித்தார். அவருடைய எந்தப் புரதமும் ஏறியிருக்காது, அது வேறு விசயம்.

அப்போது அண்ணி, வெகு சாதாரணமாகக் கேட்டார்: "ஏங்க, எங்க அக்கா வீட்டுக்காரருக்குச் சுகராச்சே. அவரும் அன்னைக்கு ரத்தம் குடுத்தாரே. அவரு எந்த வரிசை?"

அண்ணி வேண்டுமென்று கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அண்ணன் காபியைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"சரி சரி, பாப்பா இருந்த இடத்துலயே இருக்கட்டும்," என்றார். "இதுக்குப் போய் ஞாயித்துக்கிழமையுமா ஒரு சண்டை."

"அந்தப் பொண்ணோட கையெழுத்து?"

"போடுறேன்னு சொன்னேன்ல."

சொல்லவில்லை. ஆனால் போட்டார். சகலையும் ஓசையில்லாமல் நீக்கப்பட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சகலைக்கு அது தெரியாது. தன் ரத்தம் அமெரிக்கா வரைக்கும் போயிருக்கிறது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணின் வாய்மொழித் தேர்வு கல்லூரி அரங்கில் நடந்தது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்றார்கள். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், வயதான பெண்மணி, திரையில் இருந்த வரைபடத்தைக் காட்டிக் கேட்டார். ஆரோக்கியமானவர்களின் கூட்டத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் தலைக்கு மேலே தனியாக நிற்கிறதே, அது என்ன?

அந்தப் பெண் அண்ணனைப் பார்க்கவில்லை. அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

"அவங்களைத் தேர்ந்தெடுத்தப்ப நோய் இருக்கிறது எங்களுக்குத் தெரியாது மேடம். பின்னாடிதான் அவங்களுக்கு அன்ஸ்டேபிள் ஆஞ்ஜைனான்னு தெரிஞ்சுச்சு. அளவை மாத்தல, இடத்தையும் மாத்தல. இதை வச்சு இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிச்சிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ஒரு ஆளை வச்சு அப்படிச் சொல்ல முடியாது. நாங்க அவங்ககிட்ட ஒழுங்காக் கேள்வி கேக்கலைங்கிறதை மட்டுந்தான் இது காட்டுது."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த ஆய்விலேயே நான் நம்பும் புள்ளி இதுதான்," என்றார்.

சபையில் லேசான சிரிப்பு. உடனே அண்ணன் எழுந்தார். "நான்தான் மேடம் அதை எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். நேர்மைதானே ஆராய்ச்சிக்கு முக்கியம்," என்றார். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவ்வளவு சின்ன மனிதரைப் பார்த்து இத்தனை வருடம் பயந்திருக்கிறேனே என்றுதான் இருந்தது. வெளியே சமோசாவும் காபியும் கொடுத்தார்கள். அண்ணன் தேர்வாளருக்குப் பக்கத்தில் நின்று என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண்மணி என்னை இரக்கத்தோடு பார்த்தார். எதற்கு இரங்கினார் என்று அவருக்குத்தான் தெரியும்.

போன மாதம் எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கு இதயப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். தலைமையாசிரியையின் ஏற்பாடு. எனக்கு வந்த பிறகு அவருக்கும் இதயம் இருப்பது தெரிந்துவிட்டிருந்தது. ஒரு பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து வேனில் வந்தார்கள். இறங்கி வந்த அதிகாரி அந்தப் பெண்தான். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம், கழுத்தில் அடையாள அட்டை, புதுக் கண்ணாடி. அந்த மன்னிப்புக் கேட்கிற பாவனை போய்விட்டிருந்தது.

அவர்கள் கொண்டுவந்த 'ஹார்ட் பேக்கேஜ்' விளம்பரத் தட்டியைப் படித்தேன். கொழுப்பு, சர்க்கரை, அதோடு அந்தப் புரதமும். மாரடைப்பை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆசிரியைகள் வரிசையில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் யாரும் மாடி ஏறினால் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. பெயர், வயது, அடுத்த ஆள்.

கூட்டம் குறைந்ததும் அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"நல்லா இருக்கிறவங்களுக்கு இதை எடுத்து என்ன பிரயோசனம்? உனக்கே தெரியுமே."

"தெரியும் டீச்சர்." அவள் முகம் மாறவில்லை. "இதுல ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு, கேட்டா நான் சொல்லிருவேன். யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

அப்படிச் சொல்லிவிட்டு, வரிசையில் கடைசியாக நின்ற தமிழாசிரியையை உட்காரச் சொல்லி, நீல மூடிக் குழாயைக் கையில் எடுத்தாள். நான் என் வகுப்புக்குப் போனேன்.